கன்னியம்மாவின் முந்தானையில் இருந்த மாத்திரை

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் தினத்துக்கு ஆண்டுதோறும் ஒரு மலர் போடுவார்கள். இந்த முறை ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இப்போதைய நர்சிங் சூப்பிரண்டு என்னிடம் வார்டில் வேலை பழகியவள். போனில் கூப்பிட்டு, எலும்புப் புற்றுநோய் வார்டில் இருபத்தாறு வருஷம் இருந்தீர்களே, சேவையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள், சின்னப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றாள். சேவையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த வார்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பொறாமை. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் பள்ளிகொண்டா. அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம் சுற்றும் பிரிவில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பார். நர்சிங் பயிற்சியில் சேர்த்துவிட்டபோது, கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வேலை, பிழைத்துக்கொள் என்றார். பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி போடவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவதை நான் தேவைக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

நான் எலும்பு வார்டுக்கு வந்த காலத்தில் முழங்காலுக்கு மேல் கட்டி என்றால் காலை எடுத்துவிடுவார்கள். எடுத்தும் பாதிப் பேர் தங்க மாட்டார்கள், நோய் நெஞ்சுக்குப் போய்விடும். பிறகு கீமோ வந்தது. முதலில் சில சுற்று மருந்து, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மறுபடியும் மருந்து என்று முறையே மாறிப்போனது. மருந்துக்குக் கட்டி சுருங்கினால் காலை எடுக்க வேண்டியதில்லை. நோயுள்ள எலும்பை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக மூட்டு வைப்பார்கள்.

அந்த ஆபரேஷனை ஒரு தடவை தியேட்டரில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து, முட்டையை ஓட்டோடு எடுப்பது போல எடுக்க வேண்டும். ஆபரேஷன் முடியும்வரை கட்டி டாக்டரின் கண்ணில் படவே கூடாது. பட்டால் அது உடைந்துவிட்டது என்று அர்த்தம். நாலரை மணி நேரம் ஒருவர் தான் எடுக்கிற பொருளைப் பார்க்காமலேயே எடுத்தார். அவர்தான் எங்கள் டாக்டர் ஐசக்.

ஐசக் சார் வார்டுக்கு வந்தால் யாருக்கும் குட்மார்னிங் சொல்ல மாட்டார். கோட் பையில் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று இருக்கும். அதை ஸ்பிரிட் தொட்டு அவரே துடைப்பார். நோயாளியின் நல்ல காலைத்தான் முதலில் அளப்பார். நல்ல காலைத் தொட்டால் நோயாளிக்குப் பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு. பிறகு கெட்ட கால். முட்டிச் சில்லுக்கு மேலே நாலு விரல் வைத்து, அங்கே பேனாவால் ஒரு புள்ளி. குளித்தால் அழிந்துவிடும் என்று தினம் அந்தப் புள்ளியைப் புதுப்பிப்பது எங்கள் வேலை. டேப்பைச் சுற்றி, இறுக்காமல், தளர்த்தாமல் பிடித்து, எண்ணை மட்டும் சொல்வார். முந்தின நாளைவிடக் குறைந்திருந்தால் அதே எண்ணை இரண்டு தடவை சொல்வார். அவ்வளவுதான் அவருடைய சந்தோஷம். எண் இரண்டாம் தடவை வருகிறதா என்று நோயாளியின் அம்மாக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர் தியேட்டரில் மாட்டிக்கொள்ளும் நாட்களில் யாராவது ஒரு நர்ஸ் அளக்க வேண்டும். போகிறபோக்கில் டேப்பை ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பாராட்டிப் பேசுகிற பழக்கம் இல்லாத மனுஷன், டேப்பைக் கொடுத்தால் அது பாராட்டு. நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன். அமலாவுக்கு வந்த மூன்றாம் மாதமே கொடுத்துவிட்டார்.

அமலா ஜோலார்பேட்டைக்காரி. அப்பா ரயில்வேயில் கார்டு. என்னைவிட ஏழு வயது சின்னவள். அவள் கையில் இன்னா இருந்ததோ தெரியாது. கீமோ வாங்கி வாங்கி நரம்பெல்லாம் கருத்துப்போன கையில்கூட ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். நான் இரண்டு தடவை குத்திவிட்டு மூன்றாவது தடவைக்கு இடம் தேடும்போது நோயாளியே சொல்வார், அமலா சிஸ்டரைக் கூப்பிடுங்க என்று. எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்த முகத்தோடு போய் அவளைக் கூப்பிட்டுவிட்டு, மருந்து அறைக்குள் நுழைந்து டிராயரைப் படாரென்று மூடுவேன்.

வார்டில் அவளுக்குச் சிரிக்கிற சிஸ்டர் என்று பெயர். எனக்கு டைம் சிஸ்டர். ஆறு மணிக்கு மருந்து என்றால் ஆறு மணிக்கு நான் நிற்பேன். என் சார்ட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அமலாவின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதை நான் எல்லோரும் கேட்கும்படி நாலு தடவை சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, எனக்கும் சேத்து நீங்களே எழுதிடுங்களேன்" என்பாள். அதில் குத்தல் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெண்ணிலா வந்தது இதற்கெல்லாம் நடுவில்தான். பத்தொன்பது வயசு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் இருந்தாள். வலது முட்டிக்கு மேலே வீக்கம். அடிபட்டது என்று நினைத்து மூன்று மாதம் நாட்டுக்கட்டு போட்டு, எண்ணெய் உருவி, அதற்குள் வீக்கம் தேங்காய் மூடி அளவுக்கு வந்துவிட்டது. நல்லவேளையாக நெஞ்சில் ஒன்றும் இல்லை. ஐசக் சார் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து கேட்டால் காலைக் காப்பாற்றலாம் என்றார். அவர் போனபின் அவள் என்னிடம் சொன்னாள்.

"இந்தக் கால்தான் சிஸ்டர் பெடல மிதிக்கும். இது போச்சுன்னா லைன்ல எனக்கு எடம் கெடையாது."

அவளுடைய அம்மா கன்னியம்மா. திமிரிப் பக்கம் விவசாயக் கூலி. புருஷன் போனபிறகு மகளோடு ஆம்பூருக்கு வந்து அதே கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தாள். குள்ளமான, வாய் ஓயாத பொம்பிளை. எங்களையெல்லாம் வயசு வித்தியாசம் பார்க்காமல் இன்னாம்மா, இன்னாம்மா என்பாள்.

முதல் இரண்டு சுற்று நன்றாகப் போனது. சிவப்பு மருந்துக்கு வெண்ணிலாவின் முடியெல்லாம் கொட்டியது. ஆனால் தொடையின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு திங்கட்கிழமை ஐசக் சார் எண்ணை இரண்டு தடவை சொன்னபோது கன்னியம்மா கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மூன்றாவது சுற்று மஞ்சள் மருந்து. அது முடிந்து மூன்று வாரத்தில் ஆபரேஷன், உலோக மூட்டு, கால் நிற்கும் என்று நாள் குறித்தாயிற்று.

மஞ்சள் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற மருந்துகளைப் போல அதை ஏற்றிவிட்டு நகர முடியாது. உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் வேண்டுமென்றே கொடுத்து, கட்டியை அடித்துவிட்டு, அப்புறம் ஆளைக் காப்பாற்றுகிற வைத்தியம் அது. முந்தின நாளே சலைனும் சோடா மருந்தும் ஓடத் தொடங்கிவிடும். நோயாளி ஒவ்வொரு தடவை சிறுநீர் போகும்போதும் அதை அளந்து, காகிதப் பட்டையை முக்கி நிறம் பார்க்க வேண்டும். பட்டை பச்சைக்கு வந்தால் நல்லது. மஞ்சளாகவே நின்றால் மருந்து சிறுநீரகத்துக்குள் மணல் மாதிரி படிந்துவிடும். பாட்டிலுக்கு வெளிச்சம் ஆகாது, கறுப்புக் காகிதம் சுற்றுவோம். நாலு மணி நேரம் ஓடும். ஆரம்பித்த நேரத்திலிருந்து சரியாக இருபத்துநாலாவது மணியில் அதை முறிக்கிற மாற்று மருந்து தொடங்க வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரத்தத்தில் மருந்து வடிகிறவரை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டு, பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சில வலி மாத்திரைகள் உள்ளே போனால் மஞ்சள் மருந்தை வெளியே விடாமல் தடுத்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் அமலா கேட்டாள். கன்னியம்மா ஒன்றுமில்லை என்றாள். அமலா கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எனக்கும் அவளுக்கும் ஒரே ஷிஃப்ட். எட்டரை மணி இருக்கும். வெண்ணிலாவின் படுக்கை விரிப்பை மாற்றப் போனேன். வாசலில் காவலாளி பாஸ் கேட்கிறான் என்று கன்னியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாஸோடு சேர்ந்து, கிழிந்த அட்டையில் நாலு மாத்திரையும் வந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"கம்பெனில குடுக்கறதுதாம்மா. கால்வலிக்கு. நேத்து ஒண்ணு, காலைல ஒண்ணு குடுத்தேன். ராவெல்லாம் வலி ஜாஸ்தின்னு பேஜாரா இருந்திச்சு பாப்பாவுக்கு."

எனக்கு உடனே புரிந்தது. என் அப்பாவே இப்படித்தான். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் நின்றும் மிதித்தும் வேலை செய்கிறவர்களுக்கு முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை கொடுப்பார்கள். டீயோடு சேர்த்துப் பிஸ்கட் மாதிரி விழுங்குவார்கள். அதை யாரும் மருந்து என்று கணக்கில் வைப்பதில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. கன்னியம்மா பொய் சொல்லவில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த அமலாவுக்கு அதை மறுபடி துருவிக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்கும்.

அப்போது எனக்கு வந்த உணர்ச்சி பயம் இல்லை. சந்தோஷம். மாட்டினாள் என்ற சந்தோஷம். ஒன்பதரைக்கு ஐசக் சார் ரவுண்ட்ஸ் வருவார். பத்து மணிக்குத்தான் பாட்டில். அவர் முன்னால், எல்லோரும் நிற்கும்போது, சார், ஒரு விஷயம் என்று நான் தொடங்குவேன். யார் கேட்டது, யார் கையெழுத்து என்று அவர் பாரத்தைப் புரட்டுவார். அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். அமலா நாலு கட்டில் தள்ளி நின்று யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கன்னியம்மாவின் கையிலிருந்து அட்டையையாவது வாங்கியிருக்கலாம். அதை வாங்கிவிட்டால் சாருக்குக் காட்ட முடிச்சு இருக்காதே என்று வாங்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு விரிப்பை இழுத்துச் செருகினேன்.

ஒன்பதே காலுக்கு இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை என்று போனேன். அங்கே மெஷின் நின்றுபோய் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் ரவுண்ட்ஸ் நடக்கவே இல்லை. தியேட்டரில் ஒரு கேஸில் ரத்தம் நிற்காமல், ஐசக் சார் அங்கிருந்தே போனில் சொல்லி ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். வெண்ணிலாவின் தலைக்கு மேலே கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில் தொங்கியது. நாற்பது நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதும் சொல்லியிருக்கலாம். உடனே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பார்களே. எட்டரைக்குப் பார்த்துவிட்டு எதற்காகச் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டால் நான் எதைச் சொல்வது. இரண்டே மாத்திரைதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிராயச்சித்தம் மாதிரி அன்றைக்கு நாலு தடவை பட்டையை முக்கிப் பார்த்தேன். நாலும் பச்சை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது வார்டே வேறு மாதிரி இருந்தது. சாயங்காலத்திலிருந்தே வெண்ணிலாவுக்குச் சிறுநீர் கம்மி. பட்டை மஞ்சளில் நின்றுவிட்டது. வாந்தி. சிறுநீரக ரத்தப் பரிசோதனை முந்தின நாளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. ஐசக் சார் எட்டு மணிக்கே வந்து, இருபத்துநாலு மணி நேரம் ஆகும்வரை காத்திருக்காமல் மாற்று மருந்தைத் தொடங்கச் சொன்னார். பிறகு மூலையில் இருந்த குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"இந்தப் பொண்ணு வாய்க்குள்ள வேற என்ன போச்சு?"

அமலா கன்னியம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மருந்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. நேத்தும் முந்தாநேத்தும் பாப்பா என்னென்ன முழுங்கினா, தண்ணி, டீ, வெத்தல, மாத்திரை, எதுவானாலும் சொல்லும்மா என்றாள். கன்னியம்மா முடிச்சை அவிழ்த்தாள். அட்டையில் இப்போது மூன்றுதான் இருந்தது.

"இதான். அந்த சிஸ்டருகூட பாத்தாங்களே" என்று என்னைக் காட்டினாள். "நேத்து காலைல எடுத்துக் காமிச்சேன். 'ம்'னு சொன்னாங்க. சிஸ்டரே ஒண்ணும் சொல்லலயேன்னுதான் மத்தியானம் சோத்துக்கப்புறம் இன்னொண்ணு குடுத்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஐசக் சார் காதில் விழவில்லை. அமலா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் எழுந்து நின்று, "சார், வலி மாத்திரை மூணு போயிருக்கு. நான்தான் சரியாக் கேக்கல" என்றாள்.

ஐசக் சார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. கேள்வியை மாற்று என்று மட்டும் அவளிடம் சொன்னார். அந்த வாரமே பாரம் மாறியது. மஞ்சள் மருந்துக்கு முன்னால் நோயாளியின் பை, தலையணை அடி, கூட இருப்பவரின் முந்தானை முடிச்சு, சட்டைப்பை எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டச் சொல்லி, இரண்டு நர்சுகள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றுவரை அதற்கு வார்டில் அமலா செக் என்றுதான் பெயர். செய்த தப்பில்கூட இவளுக்குப் பெயர் கிடைக்கிறதே என்று எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. தப்பே அவளுடையது இல்லை என்பது தெரிந்தும் எரிந்தது.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அவளை வாழ்நாள் முழுக்க நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள். அதன்பின் நாலு வருஷம் ஒரே வார்டில் இருந்தோம். அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மட்டும் உடம்பு ஒரு தடவை கூசும்.

வெண்ணிலா பிழைத்தாள். பதினேழு நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறியது. அதற்குள் ஒன்றரை மாதம் போய்விட்டது. அந்த ஒன்றரை மாதமும் கீமோ கொடுக்க முடியவில்லை. புள்ளிக்கு மேலே டேப்பைச் சுற்றிய ஐசக் சார் எண்ணை ஒரு தடவைதான் சொன்னார். அடுத்த வாரமும் ஒரு தடவைதான். புதிதாக எடுத்த படத்தில் கட்டி முட்டிக்குப் பின்னால் இருக்கும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருந்தது. இனி எலும்பை மட்டும் எடுக்க முடியாது, கால்தான் என்றார். தாமதம் இல்லாமல் இருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், சில கட்டிகள் மருந்துக்கு வசப்படாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொடையின் நடுவில் எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வெண்ணிலா அழவில்லை, கன்னியம்மாதான் அழுதாள். பிறகு கீமோ முடிந்து, செயற்கைக் கால் போட்டு நடை பழகி, போய்விட்டாள். நெஞ்சுப் படம் எடுக்க வருஷா வருஷம் வருவாள். அவள் வருகிற நாள் தெரிந்தால் நான் விடுப்பு எடுத்துக்கொள்வேன். அமலாவிடம் பேசிவிட்டுப் போவாள் என்று கேள்வி. பிறகு அமலா வேலையை விட்டு ஜோலார்பேட்டைக்கே போய்விட்டாள். ஐசக் சாரும் ஓய்வு பெற்றார். நானும் போன வருஷம் பெற்றேன்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு வெண்ணிலாவைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. எழுதலாமா என்று அவளைக் கேட்காமல் எழுதக் கூடாது. அவளிடம் மட்டுமல்ல, அவளுடைய அம்மாவிடமும் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போன மாதம் ஆம்பூருக்குப் போனேன்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு தெருவில் இரண்டு அறை வீடு. வெண்ணிலா ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முப்பது வயசுப் பெண், நல்ல சதை போட்டிருந்தாள். லைனில் இடம் இல்லை, செக்கிங் டேபிளில் உட்கார்ந்து தைத்த தோலில் குறை பார்க்கிற வேலை என்றாள். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. எனக்குக் காபி கொடுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். அம்மா எங்கே என்று கேட்டேன். மூன்று வருஷம் ஆச்சு சிஸ்டர் என்றாள்.

யாரிடம் சொல்ல வந்தேனோ அந்த ஆளே இல்லை. இருந்தாலும் சொன்னேன். எட்டரை மணி, முடிச்சு, "ம்", சாரின் முன்னால் அமலாவை மாட்டிவிட நான் காத்திருந்தது, ஸ்கேன், கறுப்புக் காகிதம், எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டபடியே மொட்டைத் தொடையை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மா அன்னிலேர்ந்து மாத்திரைன்னா தொடாது சிஸ்டர்" என்றாள் கடைசியில். "என் கையாலதான குடுத்தேன், என் கையாலதான உன் கால எடுத்தேன்னு சொல்லிச் சொல்லி அழும். சுகர் வந்திச்சு. டாக்டர் குடுத்த மாத்திரைய வாங்கியாந்து பொட்டில போட்டு வெச்சிது, ஒண்ணுகூட முழுங்கல. அதுலதான் போச்சு."

அவள் அடுத்ததாகச் சொன்னது அமலாவைப் பற்றி. அமலா சிஸ்டர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஏறி வந்துவிடுவாராம். கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் தப்பு இல்லம்மா, நாங்க பாத்திருக்கணும், மாத்திரை சாப்பிடும்மா என்று மணிக்கணக்காகச் சொல்வாராம்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இங்கேயும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று. அந்த வீட்டில், அந்தக் காலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு அப்படித்தான் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அமலா சொன்னதை அம்மா நம்பினாரா என்று கேட்டேன்.

"எங்க நம்பிச்சு? 'அந்தப் பொண்ணு நல்ல மனசு, எனக்காகச் சொல்லுது. பாத்தது டைம் சிஸ்டரு. அவங்க வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், நம்பறேன்'னு சொல்லும். கடசி வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு."

பிறகு, எழுதுங்க சிஸ்டர், அம்மா பேரை மட்டும் மாத்தாதீங்க என்றாள். மாற்றவில்லை.

என் வேலைக்காலம் முழுவதிலும் ஒரே ஒருத்திக்குத்தான் அமலா போதவில்லை, நான் வேண்டியிருந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் முக்கால் மணி நேர பஸ். அவள் இருந்தவரை நான் போகவில்லை.